விஞ்ஞானப் பட்டம் இல்லாமல் கண் பரிசோதகர் ஆகலாமா?



சென்ற மாதம் ஒரு நாள் காலை பிரட்டு முடிந்து எல்லோரும் மலைக்கு ஏறிய பிறகு, ஒரு அம்மா மட்டும் என் காரியாலய வாசலில் கொழுந்துக் கூடையோடு நின்றார்.

"ஐயா, அரைப்பேர் போனாலும் பரவாயில்ல. ஒரு விசயம் கேக்கணும்" என்றார்.

"சொல்லுங்க அம்மா" என்றேன்.

"எம் மக ஏ.எல். பாஸ் பண்ணிருச்சிங்க. கலைப்பிரிவு. கண்ணு டெஸ்ட் பண்ற படிப்பு படிக்கணும்னு நிக்குது. டவுன்ல ஒருத்தரு, சயன்ஸ் ஒண்ணும் வேணாம், எட்டு மாசத்துல டிப்ளோமா குடுத்துருவோம், ஒன்றரை லட்சம் கட்டுங்கன்னு சொல்றாரு. தோட்டை அடகு வச்சுரலாமுன்னு இருக்கேன். செய்யலாங்களா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் இதே கேள்வியோடு நானும் ஒரு காலத்தில் அலைந்தவன். அந்த அம்மாவுக்கு ஒரு கிழமை தவணை கேட்டு, விசாரித்து, படித்து, பிறகுதான் பதில் சொன்னேன். அந்தப் பதில் மற்றப் பெற்றோருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கண்ணில் மூன்று வேலை

முதலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஆட்கள் எல்லோரையும் "கண் டாக்டர்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் அதில் வேறு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலாவது, கண் வைத்திய நிபுணர். இவர் மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டராகி, அதற்கு மேலும் பல வருசம் கண்ணைப் பற்றிப் படித்தவர். கண்புரை வெட்டுகிறவர் இவர்தான்.

இரண்டாவது, ஒப்டோமெட்ரிஸ்ட். தமிழில் பார்வைப் பரிசோதகர் என்று சொல்லலாம். கண்ணின் பவரை அளந்து, என்ன கண்ணாடி வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். கண்ணுக்குள் நோய் இருக்கிற அடையாளம் தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார். இவர் கத்தி பிடிப்பதில்லை. இந்தப் படிப்புக்குப் பெயர் ஒப்டோமெட்ரி. எமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கண் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளைக் கொண்டு அளக்கிறவர்களைக் கண் தொழில்நுட்பவியலாளர் என்று சொல்வார்கள்.

மூன்றாவது, ஒப்டிசியன். எழுதிக் கொடுத்த பவருக்கு ஏற்றபடி வில்லையை வெட்டி, பிரேமில் பொருத்தி, முகத்துக்குச் சரியாக அமைத்துக் கொடுப்பவர்.

அந்த அம்மாவின் மகள் ஆசைப்படுவது இரண்டாவது வேலைக்கு. டவுன்காரர் கொடுப்பதாகச் சொன்னது எந்த வேலைக்கான சான்றிதழ் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

பட்டம் வேண்டாம், ஆனால் விஞ்ஞானம் வேண்டும்

கேள்விக்கு நேரான பதில் இதுதான். ஒப்டோமெட்ரி படிக்கப் போவதற்கு முன் கையில் ஒரு விஞ்ஞானப் பட்டம் இருக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் கட்டாயம் கிடையாது. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் பாடசாலைப் படிப்பு முடிந்தவுடனேயே இதில் சேருகிறார்கள். ஆனால் பாடசாலையில் விஞ்ஞானப் பாடம் படித்திருக்க வேண்டும். "பட்டம் வேண்டாம்" என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு, "விஞ்ஞானம் வேண்டாம்" என்று விளங்கிக்கொள்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஏன் விஞ்ஞானம் வேண்டும்? என்னுடைய கண்ணையே உதாரணத்துக்கு எடுக்கிறேன்.

நான் ஊர்காவற்றுறையில் பிறந்தவன். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் இருக்கிற தீவுப் பக்கம். சிறு வயதிலேயே எனக்குத் தூரப் பார்வை மங்கல். கரையில் நின்றால் மற்றப் பிள்ளைகள் கடலுக்குள் இருக்கிற கடற்கோட்டையின் சுவர் தெரிகிறது என்பார்கள். எனக்குக் கறுப்பாக ஏதோ ஒன்று மிதப்பது போலத்தான் தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் கரும்பலகைக் கணக்கைப் பிழையாகப் பார்த்து எழுதி அடி வாங்கினேன். வாத்தியார் என்னை மொக்கன் என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டிலும் அதையே நம்பினார்கள். நானும் நம்பினேன்.

1990, 1991 ஆண்டுகளில் யுத்தத்தால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தோம். நாங்கள் போன இடத்தில், எனக்குப் பதினைந்து வயதான போது, ஒரு கண் பரிசோதனை நடந்தது. என் பவர் மைனஸ் 3 என்று எழுதித் தந்தார்கள். முதல் தடவை கண்ணாடி போட்ட அன்று வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதைக் கண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

மைனஸ் 3 என்றால் என்ன? கண்ணாடி வில்லையின் பலத்தை டயொப்டர் என்ற அளவில் சொல்வார்கள். 1 டயொப்டர் குவிவு வில்லை, நேராக வரும் வெளிச்சத்தை 1 மீற்றர் தூரத்தில் ஒரு புள்ளியில் கூட்டும். 2 டயொப்டர் வில்லை அரை மீற்றரில் கூட்டும். 3 டயொப்டர் என்றால் மூன்றில் ஒரு மீற்றர், ஏறக்குறைய ஒரு அடி. என் கண்ணுக்குள் 3 டயொப்டர் கூடுதலாக இருந்தது. அதனால் ஒரு அடிக்கு அப்பால் இருந்ததெல்லாம் எனக்கு மங்கல். கொப்பி தெரியும், கரும்பலகை தெரியாது. அந்தக் கூடுதலைக் கழிக்கத்தான் மைனஸ் 3 வில்லை.

இந்தச் சின்னக் கணக்குக்குள்ளேயே பௌதிகவியல் இருக்கிறது, கணிதம் இருக்கிறது. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையும் அப்படித்தான். அதை 1862ஆம் ஆண்டு ஒல்லாந்து தேசத்துக் கண் டாக்டர் ஹேர்மன் ஸ்னெலன் உண்டாக்கினார். 6/18 என்று எழுதினால், நல்ல கண் 18 மீற்றரில் நின்று வாசிப்பதை இந்தக் கண் 6 மீற்றருக்குக் கிட்ட வந்துதான் வாசிக்கிறது என்று அர்த்தம். இதற்கு மேல் கண்ணின் அமைப்பைப் படிக்க உயிரியல் வேண்டும், மருந்துத் துளி என்ன செய்கிறது என்று அறிய இரசாயனவியல் வேண்டும். எட்டு மாசத்தில் இதையெல்லாம் ஒன்றுமே தெரியாத பிள்ளைக்குப் புகட்டிவிட முடியாது.

மற்ற நாடுகளில் எப்படி?

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 1985ஆம் ஆண்டு எலைட் ஒப்டோமெட்ரி கல்லூரியைத் தொடங்கினார்கள். இந்தியாவில் ஒப்டோமெட்ரியை முழுப் பட்டப் படிப்பாகக் கற்பித்த முன்னோடிகளில் அது ஒன்று. இந்தியாவில் இந்தப் பட்டம் பொதுவாக நாலு வருசம். அதில் ஒரு வருசம் ஆஸ்பத்திரியில் நின்று பழக வேண்டும். சேருவதற்குப் பிளஸ் டூவில் பௌதிகவியல், இரசாயனவியல், அதோடு உயிரியல் அல்லது கணிதம் படித்திருக்க வேண்டும். நம் நாட்டுக் கணக்கில் அது உயர்தர விஞ்ஞானப் பிரிவு அல்லது கணிதப் பிரிவு. கலைப்பிரிவில் மூன்று 'ஏ' எடுத்த பிள்ளைக்கும் அந்தக் கதவு திறக்காது.

மதுரையில் இன்னொரு விதமான ஏற்பாடு இருக்கிறது. அங்கே டாக்டர் கோ. வெங்கடசாமி அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976ஆம் ஆண்டு 11 கட்டிலோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். அந்த விரல்களாலேயே கண்புரை அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். அவருக்கு டாக்டர்கள் போதவில்லை. ஆகையால் பாடசாலைப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்து, இரண்டு வருசம் அங்கேயே பயிற்சி கொடுத்தார்கள். பார்வையை அளப்பது, நோயாளியைத் தயார்படுத்துவது, சத்திரசிகிச்சைக் கூடத்தில் உதவுவது எல்லாம் அந்தப் பிள்ளைகள் செய்கிறார்கள். பெரும்பாலும் கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள். அது அங்குள்ள பிள்ளைகளுக்கான ஏற்பாடு. ஆனாலும் நாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டம் இல்லாத பிள்ளையும் ஒழுங்கான ஆஸ்பத்திரியில், ஒழுங்கான ஆட்களுக்குக் கீழே, முழுதாக இரண்டு வருசம் பழகினால்தான் இந்த வேலை கைக்கு வருகிறது.

அமெரிக்காவின் முறை வேறு. அதை எனக்குச் சொன்னது என் ஒன்றுவிட்ட அண்ணனின் மகள். அண்ணன் குடும்பம் ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்து, பிறகு வெளிநாடு போனவர்கள். போன வருசம் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்த போது அவளைக் கண்டேன். அவள் அங்கே வரலாறு படித்துப் பட்டம் எடுத்தவள். இப்போது ஒப்டோமெட்ரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றாள். எனக்கு ஆச்சரியம்.

"வரலாறு படிச்சிட்டு எப்படிப் பிள்ளை அதுக்குப் போவாய்?" என்று கேட்டேன்.

"சித்தப்பா, என்ன பட்டம் எண்டு அவை பெரிசா பாக்கிறேல்ல. ஆனா அவை கேக்கிற சயன்ஸ் பாடம் எல்லாம் நான் தனியாப் படிச்சு முடிக்கவேணும். பகலில வேலை, பின்னேரத்தில வகுப்பு. ரெண்டு வருசமா உயிரியல், இரசாயனம், பௌதிகம் எண்டு இழுபடுறன்" என்றாள்.

அமெரிக்காவில் ஒப்டோமெட்ரி என்பது முதல் பட்டத்துக்குப் பிறகு படிக்கிற நாலு வருசக் கலாநிதிப் படிப்பு. முதல் பட்டம் வரலாறாக இருக்கலாம், சங்கீதமாகவும் இருக்கலாம். ஆனால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், கணிதம் ஆகியவற்றைப் பல்கலைக்கழக மட்டத்தில், ஆய்வுகூட வேலையோடு படித்துச் சித்தியடைந்திருக்க வேண்டும். அதோடு ஓ.ஏ.டி. என்ற நுழைவுப் பரீட்சையும் உண்டு. அதில் விஞ்ஞானம், பௌதிகம், கணக்கு, வாசித்து விளங்குதல் என்று நாலு பகுதி. ஆகவே அங்கேயும் அதே கதைதான். பட்டத்தின் பெயரை விட்டுக்கொடுப்பார்கள், விஞ்ஞானத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

எந்தப் பிள்ளைக்கு எந்த வழி?

இப்போது எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வருவோம்.

9ஆம், 10ஆம், 11ஆம் வகுப்புப் பிள்ளைகள்: உங்களுக்குத்தான் வழி அகலமாக இருக்கிறது. சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றையும் இறுக்கிப் பிடியுங்கள். நல்ல பெறுபேறு வந்தால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போங்கள். எங்கள் பக்கத்தில் பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது என்பது உண்மை. அதனால்தான் "பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவுதான் இருக்கு, அதையே படி" என்று விட்டுவிடுகிறோம். அந்த ஒரு முடிவு பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து வேலைகளின் கதவைச் சாத்திவிடுகிறது. டவுன் பாடசாலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே அதிபரைப் போய்க் கண்டு, என்ன பெறுபேறு கேட்கிறார்கள், தங்குமிடம் உண்டா என்று கேட்டு வையுங்கள். முடிவு வந்த பிறகு ஓடினால் இடம் நிரம்பியிருக்கும்.

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படித்து, பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள்: வீட்டில் குந்திவிடாதீர்கள். சுகாதார அமைச்சு கண் தொழில்நுட்பவியலாளர் போன்ற பயிற்சிகளுக்கு அரசாங்க வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும், தமிழிலும் வரும். என்ன பாடம், எத்தனை சித்தி, எத்தனை வயது என்று அதிலேயே எழுதியிருக்கும். இந்தியாவில் ஒப்டோமெட்ரி பட்டத்துக்கு விண்ணப்பிக்கவும் நீங்கள் தகுதி பெறலாம்.

உயர்தரம் கலைப்பிரிவில் முடித்த பிள்ளைகள்: உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் இல்லை. அப்படியே நேராக ஒப்டோமெட்ரி பட்டத்துக்குப் போக வழி இல்லை. இரண்டு வழி உண்டு. ஒன்று, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விஞ்ஞானப் பாடங்களில் மறுபடி உயர்தரம் எழுதுவது. முடியாத காரியம் இல்லை. ஆனால் இரண்டு வருசமாவது வேண்டும், செய்முறை கற்க இடம் வேண்டும், செலவுக்கு வீடு தாங்க வேண்டும். மற்றது, ஒப்டிசியன் வேலை. கண்ணாடிக் கடையில் பயிலுநராகச் சேர்ந்து வில்லை வெட்டவும் பொருத்தவும் பழகலாம். கை நுணுக்கம் உள்ள பிள்ளைக்கு அது மரியாதையான தொழில். அதற்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி உண்டா என்று தொழிற்பயிற்சி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கலைப் பட்டம் முடித்தவர்கள்: வெளிநாட்டில் உறவினர் தயவில் படிக்கப் போகிறவர்களுக்கு என் அண்ணன் மகள் போன வழி இருக்கிறது. நீண்ட வழி, செலவான வழி. விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியிடமும் "என்னென்ன விஞ்ஞானப் பாடம் வேண்டும்" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மொழி பயம்

"இங்கிலீசு தெரியாதே" என்று பிள்ளைகள் பின்வாங்குவது எனக்குத் தெரியும். எங்கள் யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு பழைய விசயத்தைச் சொல்கிறேன். 1847ஆம் ஆண்டு சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பிறகு தமிழிலேயே கற்பித்தார். அதற்காகத் தானே தமிழ் படித்து, பெரிய பெரிய வைத்தியப் புத்தகங்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் படித்து வைத்தியரானவர்கள் அறுபது பேருக்கு மேல்.

ஆகவே விஞ்ஞானம் தமிழ்ப் பிள்ளையின் மூளைக்கு எட்டாத பொருள் என்று நினைக்க வேண்டாம். உயர்தர விஞ்ஞானத்தை இன்றும் தமிழில் எழுதலாம். ஆனால் அதற்கு மேல் ஒப்டோமெட்ரி படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். எனவே 9ஆம் வகுப்பிலிருந்தே ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் ஆங்கிலம் வாசிக்கப் பழகுங்கள்.

காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

நான் உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டு, கண் பரிசோதனைப் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டவன். கொப்பியில் கண்ட அறிவித்தலை முழுதாக வாசிக்கவில்லை. பஸ்சுக்குக் கடன் வாங்கிக்கொண்டு கொழும்புக்குப் போய், ஒரு கந்தோரில் அரை நாள் காத்திருந்தேன். என் சான்றிதழைப் பார்த்த உத்தியோகத்தர், "விஞ்ஞானம் இல்லையே தம்பி, இதை வாசிக்கவில்லையா?" என்று அறிவித்தலின் மூன்றாவது வரியைக் காட்டினார். அன்று இரவு பஸ்சில் வந்த வெட்கம் இன்றும் நினைவில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அது வேண்டாம்.

யாராவது டிப்ளோமா தருகிறோம் என்றால் இந்த ஐந்து கேள்வியையும் கேளுங்கள்.

1. படித்து முடித்தால் எந்த வேலை செய்யலாம்? கண் பரிசோதிக்கவா, கண்ணாடி பொருத்தவா?

2. தொழிற்பயிற்சி என்றால், உங்கள் நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? பதிவு இலக்கம் என்ன? பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கிறது, அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா?

3. ஆஸ்பத்திரியில் அல்லது கண் நிலையத்தில் எத்தனை மாதம் செய்முறைப் பயிற்சி? எந்த இடத்தில்?

4. முன்பு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?

5. இடையில் நின்றால் காசு திரும்பக் கிடைக்குமா? அதை எழுதித் தருவீர்களா?

அந்த அம்மா முன்னாலேயே டவுன்காரருக்கு நான் தொலைபேசி எடுத்தேன். முதல் கேள்விக்கு "எல்லா வேலையும் செய்யலாம்" என்றார். இரண்டாவது கேள்விக்கு "நேரில் வாங்க, பேசுவோம்" என்றார். மூன்றாவது கேள்விக்கு லைன் வெட்டுப்பட்டது. அம்மா தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

உதவியும் ஆவணமும்

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்வி நிதியம் இருக்கிறது. இந்திய உயர்ஸ்தானிகராலயத்தோடு சேர்ந்து நடக்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உயர்தரம், பல்கலைக்கழகம் படிக்கிற பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. இந்தியாவில் பட்டம் படிக்க இந்திய அரசாங்கம் கொடுக்கும் புலமைப்பரிசில்களும் உண்டு. கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விபரம் கேட்கலாம். பத்திரிகையில் அறிவித்தல் வந்தால் நானும் பிரட்டுக்களத்தில் ஒட்டிவைப்பேன்.

விண்ணப்பத்துக்கு முன் ஆவணங்களைச் சரி பாருங்கள். எங்கள் தோட்டங்களில் பெரிய கஷ்டம் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் தகப்பன் பெயர் வேறு எழுத்தில். கடைசி நாளில் இதைக் கண்டால் ஒன்றும் செய்ய முடியாது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் சான்று இவற்றை இப்போதே ஒரு பையில் போட்டு, பெயர் ஒன்றா என்று பாருங்கள். பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பிக்க நான் கூட வருகிறேன்.

ஏன் இந்தப் படிப்பு நமக்கு வேண்டும்?

இவ்வளவு நீளமாக ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த ஆட்கள் நம் மத்தியில் இல்லாததன் நட்டம் நமக்குத்தான்.

நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும். வெள்ளெழுத்து என்று சொல்வோம். இது நோய் இல்லை, எல்லோருக்கும் வரும். இதைப் பற்றி அசாமில் கொழுந்து எடுக்கிறவர்களிடமே ஓர் ஆய்வு நடந்தது. அது 2018ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ சஞ்சிகைக் குழுமத்தின் வெளியீட்டில் வந்தது. 40 வயதுக்கும் அதற்கு மேலும் உள்ள 751 தொழிலாளர்களை எடுத்து, பாதிப் பேருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடியை உடனே கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் எடுத்த கொழுந்தின் நிறை, போடாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக முன்னேறியது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது 31.6 சதவீதம். எந்தத் தளிர் எடுக்கிற பருவம், எது முற்றல் என்று கண் சொன்னால்தானே கை போகும்? கொழுந்து குறைந்தால் "வயசாகிட்டுது" என்று கேட்டுக்கொண்டு வருகிற எங்கள் அம்மாமாரில் எத்தனை பேருக்கு ஒரு கண்ணாடி போதும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் தீவகத்திலும் இதே கதைதான். நெடுந்தீவு ஆட்கள் கண் காட்டுவதென்றால் வள்ளத்தில் குறிகட்டுவான் இறங்கி, பஸ் பிடித்து, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் அன்றைக்குப் பயணம் இல்லை. இங்கே மலையில் மண்சரிவு வந்தால் அப்படித்தான். அங்கே கடல், இங்கே மலை. கிழவனுக்கும் கிழவிக்கும் "பிறகு பார்ப்போம்" என்று வருசம் போய்விடும். லயத்திலேயே பிறந்த ஒரு பிள்ளை இந்தப் படிப்பைப் படித்து வந்தால், எந்தப் பாஷையில் கேட்க வேண்டும், யார் வெட்கத்தில் பேசாமல் இருக்கிறார் என்று அதற்குத் தெரியும்.

அந்த அம்மாவின் மகள் இப்போது டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் பயிலுநராகச் சேர்ந்திருக்கிறாள். காசு கட்டவில்லை. சிறிய சம்பளமும் கொடுக்கிறார்கள். அவளுக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். "நான் கேட்டது இது இல்லையே ஐயா" என்று என்னிடமே சொன்னாள். ஆனால் முதல் கிழமையே தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் 10ஆம் வகுப்பு. "இவன் கடைசி வாங்கில இருக்கான். போர்டு தெரியலன்னு இப்பத்தான் சொல்றான். கணக்குல முப்பது மார்க்கு" என்றாள். ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குத் துண்டு எழுதி அனுப்பினோம். மைனஸ் 2. கண்ணாடி வந்துவிட்டது. அக்கா படிக்க முடியாமல் போன விஞ்ஞானத்தை அவன் படிப்பான் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

பெற்றோரே, இந்த மாதம் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் பிள்ளையை வாசலில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர் லயத்து இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண்ணை. பிழைத்தால் என்னிடமோ மருந்துக்காம்பராவிலோ சொல்லுங்கள். 9ஆம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை இருந்தால், உயர்தரத்தில் என்ன பிரிவு என்று இன்றைக்கே வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பேர் போட்டு முடிந்த பிறகு பின்னேரம் நாலரைக்கு மேல் நான் காரியாலயத்தில் இருப்பேன். அரைப்பேரை இழந்து வர வேண்டாம்.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்